நடைபாதையில் பல் ஏன் சீக்கிரம் போகிறது?

சென்னை பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு பக்கம் நடைபாதையில் படுத்தெழுபவர்களில், நாற்பது வயதுக்குள் முன்பல்லை இழந்தவர்களைப் பார்ப்பது அரிதல்ல. பல் விளக்குவதில்லை, வேறென்ன என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். மீதி எச்சிலில் இருக்கிறது.

பல்லின் மேற்பூச்சான எனாமலில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். சர்க்கரை வாயில் பட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலத்தை விடும். அங்கே பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் ஊறி அமிலத்தை முறிக்கும், இழந்த தாதுவிலும் கொஞ்சத்தைத் திருப்பி வைக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும்.

அந்த அவகாசம்தான் தெருவில் கிடைப்பதில்லை. சோற்றுக்குப் பதில் டீ, பன், மறுபடி டீ. பசியை அடக்க அதுதான் மலிவு. எச்சிலும் குறைவாகவே ஊறும். கழிப்பறை கிடையாதே என்று பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மனநோய்க்கான மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்தும்.

சொத்தை உள்ளே நரம்பு வரை போனதும் வலி உயிரை எடுக்கும். பல் மூடிய டப்பா மாதிரி. உள்ளே வீங்குவதற்கு இடமில்லை. படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி இன்னும் தெறிக்கும். சிலர் புகையிலையை அங்கே அடக்கிக்கொள்வார்கள். ஒருநாள் வலி தானாக நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நரம்பு செத்திருக்கும், கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குப் போயிருக்கும். தாடைக்கு அடியில் வீக்கம் பரவினால் மூச்சே அடைபடலாம்.

அரசு பல் மருத்துவக் கல்லூரி பிராட்வேயிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் புறநோயாளிப் பிரிவு இயங்கும் காலை நேரத்தில்தான் மூட்டை தூக்கவும் ஆள் எடுப்பார்கள். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) பெரும்பாலும் பல தடவை வர வேண்டும், பிடுங்க ஒரே தடவை போதும். கூலியை விட முடியாதவர் எதைக் கேட்பார்?

இவர்களுக்குப் பொருந்துகிற மருந்து ஒன்று உண்டு: சில்வர் டையமின் ஃபுளோரைடு. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம். சொத்தையில் ஒரு சொட்டைத் தடவினால் வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். எல்லாச் சொத்தையும் நிற்காது, நரம்பைத் தொட்டுவிட்டதற்குப் பயனில்லை. ஆனாலும் தெருவோர முகாமிலேயே வைத்துவிடலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, தடவிய சொத்தை கறுத்துப்போகும். முன்பல்லில் அப்படி வேண்டாம் என்பவருக்குக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு கிளாஸ் அயனோமர் சிமெண்டை அடைக்கலாம். 1980-களில் தான்சானியாவில், பல் துளைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக உருவான முறை அது.