ஒரே காட்சி, நேர் எதிரான கதை

யூத வெறுப்பைக் கண்டித்து ஹாலிவுட்டில் எடுத்த ஒரு படத்தின் காட்சிகளை நாஜிகள் வெட்டியெடுத்து, யூதர்களுக்கு எதிரான தங்கள் பிரச்சாரப் படத்தில் ஒட்டினார்கள். ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பத்தைப் பற்றி 1934இல் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் ராத்ஸ்சைல்ட்’தான் அந்த ஹாலிவுட் படம். அதில் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் யூதர் தெருவில் இருக்கும் குடும்பத் தலைவர் (மேயர் ராத்ஸ்சைல்ட் என்பது அவர் பெயர்), வரி வசூலிப்பவன் வருகிறான் என்றதும் பணத்தையெல்லாம் ஒளித்துவிட்டு ஒன்றுமில்லாதவர்போல் நடிப்பார். யூதர் என்பதற்காகவே கசக்கிப் பிழிகிறார்கள், அதனால்தான் ஒளிக்கிறார் என்று முழுப்படம் பார்ப்பவருக்குப் புரியும். 1940இல் நாஜி இயக்குநர் ஃபிரிட்ஸ் ஹிப்லர் எடுத்த ‘டெர் எவிகே யூடே’ (நித்திய யூதன்) என்ற பிரச்சாரப் படத்திலோ அதே காட்சி, யூதர்கள் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள் என்பதற்குச் சாட்சியாக வருகிறது.

இது பலிப்பதற்குக் காரணம் நம் மூளையின் ஒரு பழக்கம். ஒருவர் செய்வதைப் பார்த்ததும் அது அவர் குணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம், சூழ்நிலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதவேண்டும் என்று எழுதியவருக்கு உத்தரவு போட்டிருந்தார்கள் என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனதிலும் கொஞ்சம் ஆதரவு இருக்கத்தான் செய்யும் என்றே படித்தவர்கள் நினைத்தார்கள். காரணத்தைக் கண்முன் வைத்தே இப்படி என்றால், காரணத்தை மறைத்துவிட்டால் என்ன ஆகும்?

யூத வட்டிக்காரர் என்ற பிம்பமே அப்படி உருவானதுதான். இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்திருக்க முடியாது, கைவினைச் சங்கங்களில் சேர முடியாது, கிறிஸ்தவர்கள் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று தடுத்திருந்தது, ஆக மிஞ்சிய சில பிழைப்புகளில் வட்டித்தொழிலும் ஒன்று. சட்டம் தள்ளிவிட்ட இடத்தை ரத்தத்தில் ஊறிய குணம் என்றார்கள். யூதர்களில் ஏராளமானோர் ஏழைகள் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அப்புறம், அந்த ஹாலிவுட் படத்தின்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சாகும் தறுவாயில் தந்தை ராத்ஸ்சைல்ட் மகன்களிடம் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களில் வங்கி தொடங்கச் சொல்வார். அனுதாபத்தோடு எடுத்த காட்சிதான், ஆனால் உலகையே வளைக்கும் யூதப் பணம் என்று கதை கட்டுபவனுக்கு அதைவிட வசதியான படத்துண்டு கிடைக்குமா? ஹிப்லர் அதையும் விடவில்லை.

அதே 1940இல் ஜெர்மனியிலேயே ராத்ஸ்சைல்ட் குடும்பத்தைப் பற்றி இன்னொரு படமும் வந்தது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் முடிவை முன்கூட்டியே அறிந்து, அந்த மகன்களில் ஒருவரான நாதன் ராத்ஸ்சைல்ட் பங்குச்சந்தையை ஏமாற்றினார் என்ற கதை அது. 1846இல் பிரான்சில் வெளியான ஒரு வசைப் பிரசுரம் பரப்பிய கட்டுக்கதை. நாதன் இறந்தே அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.