வித்டிராயல் பீரியட்: திரும்பப் பெறுவதா, விலக்கி வைப்பதா?

கறவை மாட்டு மருந்தின் லேபிளில் 'வித்டிராயல் பீரியட்: பால் 72 மணி நேரம்' என்று இருக்கும். இதை அகராதி பார்த்து 'திரும்பப் பெறும் காலம்' என்று பெயர்த்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? மூன்று நாளுக்குள் மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் போலிருக்கிறது என்றுதான்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'டிரா' என்றால் இழு. 'வித்' என்பதற்கு இன்று 'உடன்' என்று பொருள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது 'எதிராக' என்ற பொருளில் வழங்கியது. இரண்டும் சேர்ந்தால், அப்பால் இழுத்துக்கொள்வது. வங்கியில் பணம் எடுப்பது, படை பின்வாங்குவது எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான்.

லேபிளில் இதன் பொருள் வேறு. கடைசி டோஸ் கொடுத்ததிலிருந்து, பாலில் தங்கும் மருந்தின் எச்சம் அனுமதித்த அளவுக்குள் இறங்கும்வரை, அந்தப் பாலை மனிதர் குடிக்கக் கொடுக்கக் கூடாத காலம். ஆஸ்திரேலியாவில் இதை 'வித்ஹோல்டிங் பீரியட்' என்பார்கள், அதாவது கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் காலம். அமெரிக்க லேபிள்களில் பாலுக்கு 'மில்க் டிஸ்கார்டு டைம்', கொட்டிவிட வேண்டிய நேரம் என்றே இருக்கும். ஜெர்மன் மொழியில் 'காத்திருக்கும் நேரம்'.

தமிழில் 'காத்திருப்புக் காலம்' தப்பில்லை. ஆனால் எதற்குக் காத்திருப்பது? மாடு குணமாகவா? மாடு தேறிவிட்டதே என்று மறுநாளே பாலை விற்பனைக்கு ஊற்றிவிட வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'விலக்குக் காலம்'. மதுவிலக்கில் இருக்கும் அதே விலக்கு. இன்னொரு வசதியும் உண்டு: விலகு தன்வினை, விலக்கு பிறவினை. உடம்பை விட்டு மருந்து விலகும். அதுவரை பாலை நாம் விலக்குகிறோம். நடப்பது இரண்டும் ஒரே வேரில் அடங்கிவிடுகிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் கணக்கு வேறு என்பதால் 'பால் விலக்கு', 'இறைச்சி விலக்கு' என்று பிரித்துச் சொல்வது நல்லது.

சரி, எண்ணுவது எப்படி? முதல் ஊசியிலிருந்து அல்ல, கடைசி ஊசியிலிருந்து. நாளைக்கு இரண்டு வேளை கறந்தால் 72 மணி என்பது ஆறு கறவை. மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் ட்யூப் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலும் விலக்குதான், ஏனென்றால் மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் போகும். காய்ச்சினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக் எச்சம் பலவும் கொதியைத் தாங்கும். அப்படிப்பட்ட பாலில் தயிர் சரியாக உறையாது, உறைமோரில் உள்ள நுண்ணுயிரையும் மருந்து அடக்கிவிடுகிறது. அளவைக் கூட்டிப் போட்டாலோ, அந்த லேபிளில் சொல்லாத நோய்க்கோ விலங்குக்கோ போட்டாலோ, அதில் அச்சிட்ட விலக்குக் காலம் செல்லாது. எத்தனை நாள் என்று கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சில மருந்துகளில் பால் விலக்கு '0' என்றும் இருக்கும். சொன்ன அளவில், சொன்ன முறையில் போட்டால் பாலை விலக்க வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடமே காலியாக இருந்தால் மட்டும் அதைப் பூஜ்யம் என்று படித்துவிடக் கூடாது.