ஆடியா, மார்கழியா, மாசியா? பிளைட் டிக்கெட் எப்ப மலியுது, ஏன் மலியுது

மயிலாடுதுறைலேருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பொண்ணு நியூஜெர்சில இருக்கா, போய்ப் பார்த்துட்டு வரணும், ஆடியிலயும் மார்கழியிலயும்தான் நம்ம பக்கம் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாதே, அப்ப டிக்கெட் கம்மியா இருக்கும்தானே தம்பின்னு. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ரெண்டு மாசமும்தான் அமெரிக்கா டிக்கெட் உச்சத்துல நிக்கும்.

இதைத் தீர்மானிக்கறது அங்க இருக்கற ஸ்கூல் லீவு. ஜூன்ல லீவு விட்டதும் குடும்பம் குடும்பமா ஊருக்கு வருவாங்க, ஆகஸ்ட்ல திரும்புவாங்க, அதே ஆகஸ்ட்ல இங்கேருந்து எம்எஸ் படிக்கப் போற பசங்களும் பெட்டியும் படுக்கையுமா கிளம்புவாங்க, ஆக ஆடி பூரா கூட்டம். மார்கழி முதல் பாதி கிறிஸ்துமஸுக்கு வர்றவங்க, பின்பாதி நியூ இயர் முடிச்சுட்டுத் திரும்பறவங்க. பொங்கல் கழிஞ்சு மாசி பங்குனி வரைக்கும் ஒரு இடைவெளி, அப்புறம் புரட்டாசி. மலிவு இந்த ரெண்டுலதான்.

இவ்வளவு எந்த டிராவல்ஸ்ல கேட்டாலும் சொல்லிடுவாங்க. எனக்கு ஆசையா சொல்லணும்னு இருக்கறது இதுக்கு அடியில ஓடற கணக்கு.

சாயங்காலம் ஆக ஆக பூக்காரம்மா முழம் விலையை இறக்குவாங்க, ராத்திரி தாண்டினா வாடிடும். பிளைட் சீட்டும் கதவைச் சாத்திட்டா வாடின பூதான், ஆனா ஏர்லைன் கடைசி நேரத்துல விலையை ஏத்துது. ஏன்னா கடைசி நாள்ல வர்றவங்க வேற ஆளு. ஆபீஸ் வேலையா போறவர், ஊர்ல அப்பா தவறிட்டார்னு ஓடி வர்ற புள்ள, இவங்கல்லாம் எவ்வளவு சொன்னாலும் குடுத்துடுவாங்க. (துக்கத்துக்கு ஓடி வர்றவங்ககிட்ட இந்த ரேட்டை வாங்கறது எனக்கு இன்னிக்கும் ஒப்பல.) அதனால ஏர்லைனோட தலைவலி ஒண்ணே ஒண்ணு: இவங்களுக்காக எத்தனை சீட்டை ஒளிச்சு வைக்கறது?

இதுக்கு 1972ல பிரிட்டனோட பிஓஏசி ஏர்லைன்ல வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு விதி சொன்னார், ரெண்டே வரி. மலிவு டிக்கெட் 50,000, கடைசி நேர டிக்கெட் 1,00,000ன்னு வச்சுப்போம். ஒரு சீட்டை இப்பவே 50,000க்குக் குடுத்தா காசு நிச்சயம். புடிச்சு வச்சா லட்சம் வரலாம், வராமலும் போகலாம். வர்றதுக்கு வாய்ப்பு பாதிக்கு மேல இருந்தா புடிச்சு வை, பாதிக்குக் கீழ போனா வித்துடு. அவ்வளவுதான்!

இப்ப இதை ஒவ்வொரு சீட்டா ஓட்டிப் பாருங்க. ஒளிச்சு வைக்கற முதல் சீட்டுக்கு யாராவது ஒருத்தர் வந்தா போதும், நிச்சயமா வருவார். பத்தாவது சீட் விக்கணும்னா பத்து பேர் வரணும், கொஞ்சம் சந்தேகம். இப்படி போகப் போக வாய்ப்பு இறங்கிட்டே வந்து ஒரு சீட்ல பாதியைத் தொடும், அங்க கோடு போட்டுடறாங்க. ஆகஸ்ட்ல அந்தக் கோடு அறுபதாவது சீட்ல விழுதுன்னு வைங்க, மாசில ஆள் வராதுன்னு தெரிஞ்சதால பதினஞ்சுலயே விழுந்துடும். மிச்சம் நாப்பத்தஞ்சு சீட்டும் மலிவுப் பக்கம் வந்து சேருது. சீசனுக்குன்னு தனி ரேட்டும் போடுவாங்கதான், ஆனா அதே 50,000 ரூபா டிக்கெட் எத்தனை பேருக்குக் கிடைக்கும்ங்கறதுலதான் பெரிய வித்தியாசம். மலிவு மாசம்னா கோடு சீக்கிரமே விழுந்த மாசம்.

நிஜத்துல ரெண்டு விலை இல்ல, எகானமிக்குள்ளயே பத்து பன்னண்டு அடுக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. ஏஜென்ட் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தா ஒய்9 பி9 எம்4 க்யூ0ன்னு ஓடும். க்யூ தீந்துபோச்சு, எம்ல நாலு இருக்கு, 9ன்னா ஒம்போதோ அதுக்கு மேலயோ. இதுல ஒரு உபயோகம் உண்டு. நீங்க நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு அடுக்குல ரெண்டுதான் மிச்சம்னா நாலு பேரையும் மேல் அடுக்குக்குத் தூக்கிடும், ரெண்டு ரெண்டா தேடிப் பாருங்க.

செவ்வாய்க்கிழமை நடுராத்திரி போட்டா கம்மி, போன்ல ஹிஸ்டரியை அழிச்சுட்டுத் தேடினா கம்மின்னு சொல்றதெல்லாம் புது மூடநம்பிக்கை. நீங்க பார்க்கப் பார்க்க விலை ஏறுதுன்னா பெரும்பாலும் ஒரு அடுக்கு தீந்துபோயிருக்கும். வாங்கற கிழமைக்கு பெருசா அர்த்தம் இல்ல, பறக்கற கிழமைக்கு உண்டு, வார நடுவுல கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்னு தேதி மாத்தி ஆயிரக்கணக்குல கூடக் குடுக்கறவங்களைப் பார்க்கறப்ப வருத்தமா இருக்கு, மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் நியூஜெர்சி வந்து சேரும், பூமி உருண்டை.

இன்னொரு ஆதங்கம். வாய்ப்புக் கணக்கு நம்ம பசங்களுக்கு மார்க்குக்கு மட்டும்தான் வருது. இருக்கற இடத்தை யாருக்கு எப்ப ஒதுக்கறதுங்கற இதே கணக்கை நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போட்டுப் பார்க்கலாமே, அறுவடை நேரத்துல மூட்டை மூட்டையா வெளியில மழைல நனையுதே. தஞ்சாவூர், திருச்சி காலேஜுங்கள்ல இந்த ஆராய்ச்சிக்குன்னு கொஞ்சம் பணம் ஒதுக்கினா டெல்டாவுக்கே பிரயோஜனம்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். சம்பா அறுப்பு முடியட்டும், கும்பகோணத்துல மாசி மகம் பார்த்துட்டு அந்த வாரமே, புதனோ வியாழனோ கிளம்புங்க. திருச்சிலேருந்து தனியா கனெக்‌ஷன் போட்டா எவ்வளவு, உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி சென்னை போய்ப் புடிச்சா எவ்வளவுன்னு ரெண்டையும் கேளுங்க. விசிட்டர் விசால வழக்கமா ஆறு மாசம் வரைக்கும் தங்க விடுவாங்க, அதனால ஆகஸ்ட்ல திரும்பினாப் போதும், அப்ப கூட்டம் பூரா அமெரிக்கா பக்கம் போயிட்டிருக்கும், நீங்க எதிர்ப்பக்கம் வருவீங்க.