குகைக்குள் ஃபிளாஷ்: பெட்டியின் மேல் உள்ள எண் சொல்லாதவை

குகை வாயிலைக் கடந்து இரண்டு மூன்று வளைவுகள் உள்ளே சென்றுவிட்டால் பகல் வெளிச்சம் முற்றிலும் அற்றுப்போகிறது. வெளியே ஃபிளாஷ் என்பது சூரியனுக்கோ அறை விளக்குக்கோ துணையாக வருவது. குகைக்குள் படத்தில் பதியும் வெளிச்சம் அனைத்தும் நாமே சுமந்து சென்றதாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டினால், திருமண மண்டபத்தில் குறையில்லாமல் உழைக்கும் விலையுயர்ந்த ஃபிளாஷின் பல வசதிகள் இங்கே பயனற்றுப் போகின்றன; கடைக்காரர் குறிப்பிடாமலே விட்டுவிடும் சில எளிய வசதிகள் இன்றியமையாதவை ஆகின்றன.

ஃபிளாஷ் பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்படுவது கைடு நம்பர். ஃபிளாஷிலிருந்து பொருள் வரையுள்ள தூரத்தை, லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் அபர்ச்சர் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது இது. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இல் இருக்கும்போது கைடு நம்பர் 36 மீட்டர் என்றால், எஃப் 4 அபர்ச்சரில் 9 மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்குச் சரியான வெளிச்சம் கிடைக்கும். ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அபர்ச்சர் எண் இரு மடங்கானால் லென்ஸ் வழியே வரும் ஒளியும் கால் பங்காகிறது. இரண்டும் ஒரே விதிப்படி மாறுவதால்தான் வெறும் பெருக்கலிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அதே ஃபிளாஷ் 18 மீட்டர் எட்டும், 1600 ஆக்கினால் 36 மீட்டர். எட்டும் தூரம் இரு மடங்காக வேண்டுமானால் ஒளி நான்கு மடங்காக வேண்டும் என்பதே இதன் சாரம். அப்படிப் பார்த்தால் கைடு நம்பர் 50 உள்ள ஃபிளாஷுக்கும் 60 உள்ள ஃபிளாஷுக்கும் இடையே வேறுபாடு அரை ஸ்டாப் அளவுதான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). அதற்காக இரு மடங்கு விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

அந்த எண்ணிலும் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. முதலாவது, இன்றைய ஃபிளாஷ்களின் தலைக்குள் இருக்கும் ஜூம் அமைப்பு. 60 என்ற எண் பெரும்பாலும் தலையை 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏற்றவாறு குறுக்கி, ஒளியை ஒடுங்கிய கற்றையாக்கி அளந்தது. குகையில் நாம் பயன்படுத்துவதோ அகன்ற கோண லென்ஸ். அதே ஃபிளாஷின் தலையை 35 மில்லிமீட்டருக்கு விரித்தால் எண் ஏறத்தாழ 36-க்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு ஃபிளாஷ்களை ஒப்பிடும்போது ஒரே ஜூம் நிலையிலுள்ள எண்களை ஒப்பிட வேண்டும். இரண்டாவது, சாதாரண அறையில் சுவரும் கூரையும் சிதறும் ஒளியைத் திருப்பி அனுப்பி ஃபிளாஷுக்கு உதவுகின்றன. சுத்தமான வெள்ளைக் கால்சைட் படிந்த சுண்ணாம்புப் பாறை ஓரளவு அப்படி உதவும். சேறு பூசிய, ஈரமான, கரும்பழுப்புச் சுவர்கள் ஒளியை விழுங்கிவிடும். அத்தகைய இடத்தில் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்துவைத்துத் தொடங்குவது நல்லது.

ஆனால் குகைப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஒளிக்குறைவு அல்ல. ஃபிளாஷ் கேமராவின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான். குகைக்காற்று பெரும்பாலும் ஈரப்பதம் நிறைந்தது. அதில் நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கின்றன. வியர்த்து நடந்து வந்தவரின் மூச்சும் உடல் ஆவியும் அதோடு சேர்கின்றன. லென்ஸுக்கு முன்னால் அரை மீட்டரில் மிதக்கும் துளியையும் 10 மீட்டரில் உள்ள சுவரையும் எடுத்துக்கொள்வோம். துளி இருபது மடங்கு அருகில் இருப்பதால் அதன் மீது விழும் ஒளி நானூறு மடங்கு அதிகம். சிதறிய ஒளி நேராக லென்ஸுக்குள் திரும்புவதால் படம் முழுவதும் வெண்புள்ளிகளும் பால்போன்ற மங்கலும் படிகின்றன. ஃபிளாஷின் சக்தியைக் கூட்டினால் துளிகளும் அதே அளவு பிரகாசமாகுமே தவிர நிலைமை மாறாது. தீர்வு, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டிலோ, முன்னேயுள்ள ஆளின் கையிலோ, ஒரு பாறைக்குப் பின்னாலோ வைப்பது. பக்கத்திலிருந்து விழும் ஒளியில்தான் பாறையின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். நேர் ஒளியில் அழகான அலைப்படிவுகளும் தட்டையாகப் போய்விடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கைடு நம்பர் கணக்கில் வரும் தூரம் ஃபிளாஷுக்கும் பொருளுக்கும் இடைப்பட்டது. கேமரா எவ்வளவு பின்னால் நின்றாலும் கணக்கு மாறாது. ஃபிளாஷைப் பொருளுக்கு அருகில் கொண்டுபோனால் சிறிய ஃபிளாஷே போதும்.

அப்படியானால் தொலைவில் இருக்கும் ஃபிளாஷை எப்படி வெடிக்க வைப்பது என்பதே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ட்ரிக்கர்கள் நேர்ப்பார்வையில் நன்றாக வேலை செய்யும். பாறையும் நீரும் அந்த அலைகளை உறிஞ்சுவதால் வளைந்த பாதையில் நம்பகத்தன்மை குறையும். ஸ்லேவ் எனப்படும் ஒளி உணரியோ, வேறொரு ஃபிளாஷின் மின்னலைக் கண்டதும் தன் ஃபிளாஷை வெடிக்கச் செய்கிறது. வெயிலில் தடுமாறும் இந்த உணரிக்குக் கும்மிருட்டான குகையைவிடத் தோதான இடம் கிடையாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியையே பிடித்துக்கொண்டு, வளைவுக்கு அப்பாலிருந்தும் வெடிக்கும். கேமரா மேல் வைக்கும் சிறு ஃபிளாஷ் சைகை கொடுக்கத்தான். அதன் ஒளியும் மூடுபனியை வெளிச்சமாக்காமலிருக்க ஒரு பழைய உத்தி உண்டு: படம் எதுவும் எடுக்காமலே கழுவிய ஸ்லைடு ஃபிலிம் துண்டை அதன் முகத்தில் ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் அந்த ஃபிலிம் அகச்சிவப்புக் கதிரை வழிவிடும். ஸ்லேவுக்கு அது போதும்.

இங்கேதான் டிடிஎல் எனும் தானியங்கி அளவீடு இடையூறாகிறது. அது உண்மையான மின்னலுக்கு முன் ஒரு சிறு முன்மின்னலை அனுப்பி அளந்துகொள்கிறது; அதைக் கண்ட ஸ்லேவ், ஷட்டர் திறப்பதற்கு முன்பே வெடித்து ஓய்ந்துவிடும். முன்மின்னலைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குக் காத்திருக்கும் எஸ்2 முறை பல மலிவான ஃபிளாஷ்களிலேயே உண்டு. ஆயினும் சைகை ஃபிளாஷ் உட்பட அனைத்தையும் மேனுவலில், அதாவது சக்தியை நாமே அமைக்கும் நிலையில் வைத்து, முதல் மின்னலைக் கண்டதுமே வெடிக்கும் எஸ்1 முறையில் இயக்குவதே சிக்கலற்றது. முழுச் சக்தியிலிருந்து 1/128 வரை படிப்படியாகக் குறைக்கும் வசதி இருந்தால் டிடிஎல்லுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு மேனுவல் ஃபிளாஷ் வாங்கலாம்.

பெரிய கூடங்களுக்கு எந்தக் கைஃபிளாஷும் தனியாகப் போதாது என்பது இத்துறையில் பழைய பாடம். 1861-இல் பாரிஸ் நகரின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை மின்வில் விளக்கில் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் நாடார் (Nadar), ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் மனிதர்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார். 1866-இல் அமெரிக்காவின் மாமத் குகையில் சார்லஸ் வால்டாக் மெக்னீசியத்தை எரித்துப் படமெடுத்தார். அதன் புகையே அடுத்த படத்துக்கு எதிரி. 1952-இல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையிலுள்ள பெருங்கூடத்தை ஒரே படத்தில் பிடிக்க டெக்ஸ் ஹெல்ம் 2,400 ஃபிளாஷ் பல்புகளைப் பயன்படுத்தினார். இன்று முக்காலியில் கேமராவை நிறுத்தி, எல்லோருடைய தலைவிளக்குகளையும் அணைத்து, ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு ஒரே ஃபிளாஷைப் பல முறை வெடித்து அந்த வேலையைச் செய்யலாம். நான்கு முறை வெடித்தால் எட்டும் தூரம் இரு மடங்கு, பதினாறு முறை வெடித்தால் நான்கு மடங்கு. படத்தில் நிற்கும் ஆள் மீது மட்டும் ஒரே முறை ஒளி விழ வேண்டும். இல்லையேல் அவர் சற்று அசைந்தாலும் இரட்டை உருவமாகிவிடுவார். இப்படிப் பல முறை வெடிப்பதற்காகவே, ஃபிளாஷைக் கையால் அழுத்தி வெடிக்கவைக்கும் சோதனைப் பொத்தான் கட்டாயம் வேண்டும். கையுறை அணிந்த, சேறு படிந்த விரலுக்கும் எட்டும்படி அது பெரிதாக இருப்பது நல்லது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே காத்திருக்கும் நேரம் பேட்டரியைப் பொறுத்தது. ஃபிளாஷின் உள்ளே ஒரு மின்தேக்கி ஏறத்தாழ 330 வோல்ட் வரை மின்னேற்றம் பெற்று, அதைச் செனான் வாயு நிரம்பிய குழாய் வழியே ஒரே கணத்தில் கொட்டுகிறது. 1,400 மைக்ரோஃபாரட் மின்தேக்கியானால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 76 ஜூல். பென்சில் பேட்டரி எனப்படும் ஏஏ அளவிலான நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள், உள்மின்தடை குறைவாக இருப்பதால், சாதாரண அல்கலைன் பேட்டரிகளைவிட விரைவாக இதை நிரப்பும். லித்தியம் பேட்டரியுள்ள ஃபிளாஷ்கள் இன்னும் வேகமானவை. ஆனால் நீண்ட பயணத்தில் எல்லோருக்கும் பொதுவான ஏஏ வகையே கைகொடுக்கும். அணைத்த பின்னும் மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் நீர் புகுந்த ஃபிளாஷை அங்கேயே திறந்து பார்க்கக் கூடாது. நீர் புகாத பெட்டியில் சுமந்து சென்று, ஒட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தபடியே வெடிப்பது எளிய காப்பு.

கடையிலேயே பார்த்துவிட வேண்டியவை இன்னும் இரண்டு. தானாக உறங்கிவிடும் வசதியை முழுமையாக நிறுத்த முடிகிறதா என்று கேளுங்கள். நாற்பது மீட்டர் தள்ளிப் பாறை இடுக்கில் செருகிய ஃபிளாஷ் உறங்கிவிட்டால் ஒருவர் சேற்றில் ஊர்ந்து போய்த்தான் எழுப்ப வேண்டும். அடுத்து, ஸ்லேவ் உணரி பெரும்பாலும் உடலின் முன்பக்கத்தில் இருக்கும். அது கேமராவைப் பார்த்திருக்க, தலை மட்டும் திரும்பி எதிர்ப்பக்கச் சுவரை நோக்க வேண்டும்; ஆகவே தலை 180 பாகை சுழலாத மாதிரியை, அது எத்தனை மலிவானாலும், வாங்க வேண்டாம்.