செத்த ஃபிரிட்ஜிலிருந்து காற்றடிக்கும் மெஷின்

போன கோடையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. பழைய 165 லிட்டர் ஒற்றைக் கதவு. மெக்கானிக் பாய் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு சார், காயில்தான் ஓட்டை, கேஸ் பூரா இறங்கிடுச்சு. சரி பண்ற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்றார். காட்பாடி காயலான் கடையில் எடைக்குக் கேட்டார்கள். ஓடுகிற கம்ப்ரசரை இரும்பு விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை, பைக்குக்கும் தையல் மெஷின் தூசிக்கும் காற்றடிக்க ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டும் இருந்தேன், ஆகவே அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் கறுப்புப் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான். உள்ளே ஒரு மோட்டார், ஒரு குட்டி பிஸ்டன், அடியில் ஏறத்தாழ கால் லிட்டர் ஆயில். மோட்டாரும் பிஸ்டனும் சேர்ந்து ஸ்பிரிங்கில் தொங்குவதால்தான் பஞ்சர் கடை கம்ப்ரசர் போல டக்கடக்கென்று அடிக்காமல் முனகலோடு நிறுத்திக்கொள்கிறது. வெளியே மூன்று செம்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஊதும், மற்ற இரண்டும் உறிஞ்சும். உறிஞ்சும் இரண்டில் ஒன்று கேஸ் ஏற்றுவதற்கானது, அதை அடைத்துவிடலாம். பிஸ்டன் ஒரு தடவை போய் வந்தால் சுமார் 5 சிசி காற்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 தடவை. பெருக்கினால் 14.5 லிட்டர்.

இதெல்லாம் கேட்க சுலபமாக இருக்கிறது, மூன்று குழாயும் ஒரு டேங்கும் இருந்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த மெஷின் ஒரு வட்டத்துக்குள் வேலை செய்யப் பிறந்தது. வெளியே தள்ளிய கேஸ், காயில் எல்லாம் சுற்றி, குளிர்ந்து, திரும்பவும் இதற்குள்ளேயே வரும். நாம் அந்த வட்டத்தை அறுத்துவிட்டு வெளிக்காற்றைக் கொடுக்கிறோம். போவது எதுவும் திரும்பி வராது. எனக்கு வந்த தலைவலி எல்லாமே இந்த ஒரு காரணத்தால்தான் வந்தது.

முதலில் சூடு. சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், நாலு டயர் அடித்தால் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். காற்றை நெருக்க நாம் செலவழிக்கும் உழைப்பு முழுக்கச் சூடாகத்தான் மாறுகிறது. வேலூரில் 40 டிகிரி என்பது சாதாரண மே மாத மத்தியானம். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார், மீட்டர் அதற்கு மேல் இருப்பதை மட்டும்தான் காட்டும். அந்தக் காற்றை ஏழு மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது மீட்டரில் 6 பார் காட்டும் வரைக்கும், வெப்பம் எங்கும் தப்பிக்காமல் நெருக்கினால் கணக்குப்படி 270 டிகிரியைத் தொடும். நிஜத்தில் சிலிண்டர் சுவர் நிறைய வாங்கிக்கொள்வதால் அவ்வளவு போகாது. ஆனால் ஃபிரிட்ஜில் இருந்தவரை மோட்டாரைக் குளிர வைத்ததே திரும்பி வந்த கேஸ்தான், இப்போது அந்த இடத்தில் வேலூர் வெயில் உள்ளே போகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் மேலே கை வைக்க முடியாது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேனைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இருந்தும் ஒரு முறை டேங்க் நிரம்பினால் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது ஆயில். வட்டத்தில் ஓடும்போது கேஸோடு கொஞ்சம் ஆயிலும் கிளம்பிப் போய்த் திரும்பி வரும். இப்போது போனது போனதுதான். நான் முதல் நாள் வடிகட்டி வைக்காமல் சட்டையில் இருந்த நூல் தூசியை ஊதினேன், சட்டையே வீணாகிவிட்டது. ஊதும் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு வடிகட்டிக் கிண்ணம் கட்டாயம்.

ஆனால் என்னைப் படுத்தி எடுத்தது ஸ்டார்ட் ஆகாத பிரச்சினைதான். காலி டேங்கில் நன்றாக ஓடியது. 4 பாரில் நிறுத்தி மறுபடி போட்டால் ம்ம்ம் என்று உறுமிவிட்டு டிக் என்று ஓவர்லோடு கட் ஆகிறது. மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டினேன், அதே உறுமல். விடை வீட்டு ஸ்டெபிலைசரில் இருந்தது. கரண்ட் போய் வந்தால் அது சில நிமிடம் காத்திருந்துதான் ஃபிரிட்ஜுக்கு சப்ளை விடும், கவனித்திருப்பீர்கள். ஃபிரிட்ஜ் நின்றதும் மெல்லிய கேபிலரி குழாய் வழியாக இரண்டு பக்க அழுத்தமும் மெதுவாகச் சமமாகும். சமமான பிறகு கிளப்பும் அளவுக்குத்தான் அந்த மோட்டாருக்குத் தெம்பு கொடுத்திருக்கிறார்கள். என் டேங்கில் கேபிலரி ஏது? பிஸ்டன் தலைக்கு மேல் 4 பார் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மருந்து இரண்டு பொருள். டேங்க் வாயில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு, அது டேங்க் காற்றைப் பின்னால் விடாது. அப்புறம், மோட்டார் நின்றதும் கம்ப்ரசருக்கும் அந்த வால்வுக்கும் இடையில் இருக்கும் துளிக் காற்றை மட்டும் வெளியே விடும் சின்ன வால்வோடு வரும் பிரஷர் சுவிட்ச். கடை கம்ப்ரசர் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடுமே, அது இதுதான். எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

டேங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் எடுத்தது லாரி ஏர் பிரேக் டேங்க், 20 லிட்டர். சென்னை – பெங்களூர் ரோட்டில் இருக்கிற ஊர், உடைத்த லாரிக்கா பஞ்சம்? அது 8 பார் அளவுக்கு வேலை செய்வதற்கென்றே செய்யப்படுவது. சமையல் சிலிண்டரைத் தொடவே கூடாது, அது நம் சொத்தும் இல்லை. பிவிசி குழாயில் சிலர் டேங்க் செய்கிறார்கள், அது வெடித்தால் துண்டுகள் கத்தி மாதிரி பறக்கும். 20 லிட்டரில் 6 பார் என்றால் அடைபட்டிருக்கும் காற்று விரியும்போது செய்யக்கூடிய வேலை சுமார் 15,000 ஜூல், ஒரு சிமென்ட் மூட்டையைப் பத்து மாடி உயரத்துக்குத் தூக்குகிற தெம்பு. பழைய டேங்க் என்பதால் முதலில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, கைப்பம்பில் 9 பார் வரை ஏற்றிப் பார்த்தோம். தண்ணீர் நெருங்காது என்பதால் அதில் தெம்பு சேராது, டேங்க் விட்டுக்கொடுத்தாலும் சொட்டுமே தவிர வெடிக்காது. 7 பாரில் திறக்கும் சேஃப்டி வால்வும் போட்டிருக்கிறேன். கம்ப்ரசர் உடம்புக்கு எர்த் ஒயரும்.

கழற்றுவதற்கு முன் லேபிளைப் பாருங்கள். ஆர்600ஏ என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி, ஆயிலுக்குள்ளும் கரைந்து கிடக்கும். என்னுடையது ஆர்134ஏ. அது எரியாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,300 மடங்குக்குக் குறையாது, கேஸ் மிச்சம் இருந்தால் மெக்கானிக்கை வைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

20 லிட்டரை 6 பாருக்கு ஏற்ற 120 லிட்டர் வெளிக்காற்று வேண்டும், கணக்குப்படி எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். என்னுடையது பதினான்கு எடுக்கிறது. பிஸ்டனுக்கு மேலே மிச்சமிருக்கும் துளி இடத்தில் சிக்கிய காற்று ஒவ்வொரு தடவையும் விரிந்து புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் ஏற ஏற வரத்து குறைகிறது. பைக் டயருக்கு இது தாராளம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்கு நிறம் தெளிக்கிறார்களே, அந்த மாதிரி ஸ்ப்ரே கன்னுக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் வேண்டும், இது பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. ஈரக் காற்றை ஏழு மடங்கு நெருக்கி ஆற வைத்தால் அதில் இருக்கும் நீராவிக்கு இடம் போதாமல் தண்ணீராக விழும். 30 டிகிரியில் ஓரளவு ஈரமான நாளில் ஒரு தடவை நிரப்பினால் அரை டீஸ்பூன். குறைவுதான், ஆனால் தீபாவளி வேலையில் ஒரு வாரம் மறந்துவிட்டு டேங்க் அடியில் இருக்கும் திருகைத் திறந்தேன், துருக் கலந்த தண்ணீரும் பால் மாதிரி ஆயிலும் வந்து விழுந்தன. இப்போது அந்தத் திருகுக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் டப்பா நிரந்தரமாக இருக்கிறது.