அம்மாவைப் பெற்றவளின் ரத்தம்

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட இன்னொரு பேரப்பிள்ளையை அடையாளம் கண்ட செய்தியைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் எதோடு ஒப்பிட்டு டிஎன்ஏ சோதனை செய்கிறார்கள்?” இதே கேள்வியோடுதான் 1980களின் தொடக்கத்தில் சில பாட்டிகள் கடல் கடந்து விஞ்ஞானிகளைத் தேடிப் போனார்கள்.

1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, குழந்தையைப் பிடுங்கி வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 500 குழந்தைகள் என்பது, பேரப்பிள்ளைகளைத் தேட இந்தப் பாட்டிகள் தொடங்கிய அமைப்பின் கணக்கு. 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அங்கே வந்தபோது, மக்கள் தெருவில் வரிசையில் நின்று கொடுத்த புகார்கள் 5,580. புகாரைப் பதிவு செய்யலாம், அறிக்கை எழுதலாம். ஆனால் ஒரு குழந்தையைக் காட்டி ‘இது இன்னாருடைய பேத்தி’ என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க ஆய்வகம் வேண்டும்.

அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் உதவிக்கு வந்தார். முதலில் வெள்ளை அணுக்களின் மேலுள்ள ஹெச்எல்ஏ புரதங்களைத் தாத்தா பாட்டிகளோடு ஒப்பிட்டு, உறவுக்கான நிகழ்தகவைக் கணக்கிட்டார்கள். 1984-இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடையாளம் இப்படித்தான் உறுதியானது. ஆனால் தாத்தா பாட்டிகள் நால்வரில் ஓரிருவர்தான் மிஞ்சியிருந்தால் அந்தக் கணக்கு பலவீனமாகிவிடும்.

அங்கேதான் செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா வருகிறது. எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு போலக் கலைக்கப்படுகிறது. பாட்டியிடமிருந்து பேரனுக்குச் சராசரியாகக் கால் பங்குதான் வந்து சேரும், அது எந்தக் கால் பங்கு என்பதும் முன்கூட்டித் தெரியாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கோ சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. மொத்தமே சுமார் 16,569 எழுத்துகள். விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கருமுட்டை அழித்துவிடுகிறது. ஆகவே அம்மாவின் வளையம் கலைபடாமல் அப்படியே பிள்ளைக்கு வருகிறது. அம்மாவுக்கு அது அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. நடுவில் இருந்த மகளைக் கொன்று, உடலை மறைத்து, ஆவணங்களை எரித்தாலும் பாட்டியின் எழுத்துவரிசை பேரப்பிள்ளையின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும். பாட்டி போய்விட்டாலும் பெரியம்மா, சித்தி, தாய்மாமன் என்று யாருடைய ரத்தமும் போதும். அந்த வளையத்தில் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுபடும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதை மட்டும் வாசித்து ஒப்பிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: வரிசை பொருந்துவது மட்டுமே உறவை நிரூபித்துவிடாது. வெகு காலத்துக்கு முந்தைய ஒரே தாய்வழியில் வந்த, ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கும் வரிசை ஒத்துப்போகலாம். எனவே உட்கரு டிஎன்ஏவையும் பார்ப்பார்கள். பேரன் என்றால் அப்பா வழிக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம் கைகொடுக்கும்.

சரி, அரசு என்ன செய்தது? ஜனநாயகம் திரும்பியதும், 1984-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கையை அர்ஜென்டினா ஏற்றது. 1987-இல் சட்டம் போட்டு, தேடும் குடும்பத்தாரின் ரத்த மாதிரிகளைக் காக்கும் தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் அடையாளத்துக்கான உரிமையைச் சொல்லும் 8-ஆவது பிரிவு அர்ஜென்டினா முன்மொழிந்தது. 2009-இல் வந்த இன்னொரு சட்டம், நீதிபதி உத்தரவிட்டால் துணி, பல் துலக்கும் பிரஷ் போன்றவற்றிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க வழிசெய்தது.

மனித உரிமைக் கண்காணிப்பாளர்களை வரவேற்று அறிக்கை விடுவதை மட்டும் ஆதரவு என்று நான் எண்ண மாட்டேன். அந்த மாதிரிகள் இருக்கும் ஒரு குளிர்பெட்டிக்கு ஆண்டுக்கணக்கில் மின்சாரமும், அதைக் காக்கும் தொழில்நுட்பருக்குச் சம்பளமும் தடைபடாமல் தருவதுதான் எனக்கு ஆதரவு. ‘இந்த ஆண்டு என்ன பலன்’ என்று கேட்டு நிதியை வெட்டக் கூடாத ஆராய்ச்சி இது. இதுவரை 130-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். அன்று ரத்தம் கொடுத்த பாட்டிகள் பலர் இன்று இல்லை. சந்தேகத்தோடு வந்து கையை நீட்டும் பேரனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. அவனுடைய வரிசையை அந்த வங்கியில் பாட்டியின் வரிசையோடு ஒப்பிடுகிறார்கள்.