ஹிட் பாயிண்ட்: உயிரா, தெம்பா?

காகிதம், பென்சில், பகடையோடு மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில் தீராத ஒரு வழக்கு உண்டு. கோடரியால் 30 புள்ளி அடி வாங்கியவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் எப்படி முழுசாகத் தேறினான்? ஹிட் பாயிண்டை, அதாவது பாத்திரம் விழுவதற்குள் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை, ‘உயிர்ப்புள்ளி’ என்று தமிழாக்கியதும் இந்த வழக்கை வளர்த்துவிட்டது என்பேன்.

சொல் கப்பலிலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்து ஆடிய கடற்சண்டை விளையாட்டின் விதிகளில், ஒரு கப்பல் எத்தனை குண்டடி வரை தாங்கும் என்று கணக்கு இருந்தது. ஒரே அடியில் தங்கள் பாத்திரம் செத்துப்போவது ஆடுகிறவர்களுக்குப் பிடிக்காததால் டேவ் ஆர்னெசன் அந்தக் கணக்கை ஆட்களுக்கும் கொடுத்தார். 1974இல் அவரும் கேரி கைகாக்ஸும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு வெளியானபோது அச்சிலும் ஏறிவிட்டது. கப்பலுக்குச் சரி, மனிதனுக்கு? அனுபவம் கூடக்கூட வீரனுக்குச் சதையுமா கூடும்? கைகாக்ஸே 1979இல் வந்த அதன் கையேட்டில் இதற்குப் பதில் எழுதினார்: அந்த எண்ணில் உடம்பின் பங்கு கொஞ்சம்தான், மீதி திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அருள் வகையறா. ஆனால் அதே பதிப்பில் ஓய்வெடுத்தால் நாளுக்கு 1 புள்ளிதான் ஏறும். 20 புள்ளி இழந்தவனுக்கு அதிர்ஷ்டம் திரும்ப 20 நாளா!

2014இல் வந்த அதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 8 மணி நேர நீண்ட ஓய்வில் இழந்த புள்ளி அத்தனையும் தந்துவிடுகிறது. இது ரொம்பச் சலுகை என்று நினைப்பவர்களுக்காக, குறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள் என்று ஒரு மாற்று விதியும் உண்டு. 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்ற இன்னொரு விளையாட்டு வேறு ரகம். அதில் கை, கால், தலைக்குத் தனித்தனிக் கணக்கு, கையில் பட்டால் அந்தக் கைதான் போகும்.

தமிழில் புண் ஆறும், ஆள் தேறுவான். இரண்டும் வேறு வேறு வினை. ஹிட் பாயிண்டைத் ‘தெம்பு’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு ராத்திரியில் தெம்பு வந்துவிட்டது என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஓய்வில் நடப்பது தேறுதல். முறிந்த கை, ஆழமான வெட்டு எல்லாம் காயம். அவற்றைத் தனியாக எழுதி வைத்து மெதுவாக ஆறவிடலாம். (‘ஆறுதல்’ என்று விதியில் எழுதினால் துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும், ‘காயம் ஆறுதல்’ என்று சேர்த்தே எழுதுங்கள்.)

மேசையிலும் இது உதவும். 44 தெம்புள்ள வீரன் மேல் ராட்சதனின் கதாயுதம் இறங்கி 13 போகிறது. விலா உடைந்ததாகச் சொல்லிவிட்டால் மறுநாள் காலை மாட்டிக்கொள்வோம். கேடயத்தில் வாங்கினான், தோள் மரத்துவிட்டது, மூச்சிரைக்க ரெண்டடி பின்வாங்கினான் என்று சொல்லலாம். தெம்பு 0 ஆகும் அடிதான் மண்டையில் விழுகிறது.